அலறலுக்குப் பிறகு

மயிலாப்பூரில் காமதேனுவும் கபாலியும், தி. நகரில் ராஜகுமாரியும் இன்று இல்லை. சினிமாக் கொட்டகைகளுக்கு ஆள் சேர்த்த வானொலிக் குரல்களில் சில மட்டும் ஒலிப்பதிவுகளாக மிஞ்சியிருக்கின்றன. நான் கேட்டது அப்படித்தான்.

விவித் பாரதியில் விளம்பரம் 1967 நவம்பர் 1 அன்று மும்பை, புணே, நாகபுரி நிலையங்களில் தொடங்கியது. அதற்கு முன்பே இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தமிழகத்து வீடுகளுக்குள் வந்துவிட்டிருந்தது. ஒரு வசனத் துண்டு, ஓர் அலறல், அறிவிப்பாளரின் கேள்வி. பதில் கொட்டகையில்.

விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) மாதிரியான பேய்ப் படங்களுக்கு இந்த முறை பொருந்தியதற்குக் காரணம் உண்டு. திரையில் பேய்க்குக் காசு வேண்டும். இல்லாவிட்டால் அட்டை தெரிந்துவிடும். காதுக்கு அட்டை தெரியாது. சுவரொட்டியைப் பார்க்காமல் தெருவைக் கடந்துவிடலாம். வானொலியோ சமையலறைவரை வந்தது. பெரும்பாலும் விளம்பரமே படத்தைவிட நல்ல படமாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

சொல்லாமல் விடுவதைக் கவிதையின் லட்சணம் என்கிறோம். விளம்பரமும் அதையே செய்தது. ஆனால் விட்ட இடத்துக்கு டிக்கெட் விற்றது. இந்த வித்தியாசத்தை மறந்து இதைக் கலை என்று கொண்டாட எனக்குச் சம்மதமில்லை. மட்டரகம் என்று ஒதுக்கவும் முடியவில்லை.

திரைப்பட விளம்பரங்களில் பேர் பெற்ற இலங்கை அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். மூச்சு விடாத அந்த வேகத்தைக் கேட்கிறேன். சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது.