தொப்புளைச் சுற்றிப் பதினாலு

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். எங்கள் தெருவில் யாரை நாய் கடித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். முதல் கேள்வி காயத்தைப் பற்றி இருக்காது. "தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசிங்களாக்கா?" என்பதுதான். இருபது வயதுப் பையன்கள்கூடக் கேட்கிறார்கள். அவர்கள் பிறந்த சமயத்தோடு அந்த ஊசியே ஒழிந்துவிட்டது. பயம் மட்டும் ஒழியவில்லை.

இந்த ஊசிக் கதை பழசு. 1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்குப் போட்டது பதின்மூன்று ஊசி. வெறி ஏற்றிய முயலின் தண்டுவடத்தைக் குடுவைக்குள் தொங்கவிட்டு உலர்த்தி, நாள்பட்டதில் தொடங்கிப் புதியது வரை படிப்படியாகக் கொடுத்தார். கடித்த பிறகு போட்டும் அது வேலை செய்ததற்குக் காரணம் உண்டு. வெறிநோய் வைரஸ் ரத்தத்தில் பாயாமல் நரம்பு வழியாக மெல்ல ஏறி மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் உடம்பைத் தயார்படுத்திவிட்டால் ஆள் பிழைப்பான். நோய் வெளியே தெரிந்துவிட்டால் அநேகமாக மரணம்தான்.

இங்கிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கடித்தால் பாரிஸுக்குக் கப்பல் ஏற்றினார்கள். நம் ஆட்களை யார் ஏற்றுவார்கள்? 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் வந்தது. 1902இல் லில்லி பாக்கென்ஹம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநோயில் இறந்துபோக, தெற்கிலும் ஒன்று வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஆயிரக்கணக்கில் நம் ஜனங்கள் செத்தபோது வலுக்காத பேச்சு. எஃகு முதலாளி கார்னகியின் தொழில் கூட்டாளி ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையின் ஒரு பகுதியும் கைகொடுக்க, 1907இல் குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே நிலையம் திறந்தது. மலை ரயில் 1899லேயே குன்னூர் வரை வந்துவிட்டதால், கடிபட்டவர்கள் மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறி மேலே ஏறினார்கள்.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் செய்ததுதான் பெரிய மாற்றம். வைரஸை விலங்கின் மூளையில் வளர்த்து, அந்த மூளையை அரைத்து, ஃபீனால் சேர்த்து வைரஸைக் கொன்றார். செத்த மருந்து என்பதால் புட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பலாம். நோயாளி மலை ஏறுவது நின்று மருந்து மலை இறங்கத் தொடங்கியது. பின்னாளில் ஃபீனாலுக்குப் பதில் வேறு ரசாயனம் வந்தது; மூளை மட்டும் மாறவில்லை.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அப்படி ஆட்டு மூளையில் செய்த கரைசல்தான். அதில் வைரஸ் சரக்கு குறைவு, மூளைச் சதைதான் அதிகம். ஆகவே தினமும் போட வேண்டும், நிறையப் போட வேண்டும்: ஒரு தடவைக்கு 2 முதல் 5 மில்லி. அவ்வளவையும் கையில் ஏற்றினால் புடைத்துவிடும். வயிற்றுத் தோல்தான் தளர்ந்து கொடுக்கும். அதிலும் நேற்றுக் குத்திய இடம் கல்லாக வீங்கியிருக்கும் என்பதால் இன்று தள்ளிக் குத்துவோம். அப்படித்தான் தொப்புளைச் சுற்றி வட்டம் விழுந்தது. கடியின் கடுமையைப் பொறுத்து ஏழு நாள், பத்து நாள் என்றும் இருந்தது. மோசமான கடிக்குத்தான் பதினாலு. ஏழு போட்டவரும் ஊருக்குப் போய்ப் பதினாலு என்றுதான் சொல்வார், அதில்தான் கௌரவம்!

கண்ணாடி சிரிஞ்சு, வெந்நீரில் கொதித்த ஊசி, ஆறு மணிக்கே வரிசை. கூலி வேலைக்காரர்கள் நாலாம் நாளே நின்றுவிடுவார்கள். தினமும் பஸ் காசுக்கும் போன கூலிக்கும் யார் பொறுப்பு? சாராயம் கூடாது என்று வேறு சொல்வோம்; அதற்காகவே நின்றவர்களும் உண்டு. நாங்களும் இந்த மருந்தை நினைத்துப் பயந்தோம். ஆட்டு நரம்பின் மயலின் உறை நம் உடம்புக்குள் போனால், சிலருக்கு உடம்பு தன் சொந்த நரம்பையே தாக்கத் தொடங்கும், கைகால் விழுந்துவிடும். மயலின் அதிகமில்லாத எலிக்குட்டி மூளையில் செய்யலாம் என்று சிலியில் 1955லேயே காட்டிவிட்டார்கள். மனித செல்லில் வளர்த்த தடுப்பூசி ஓநாய் கடித்தவர்களையும் காப்பாற்றியதை 1976இல் ஈரானிலிருந்து வந்த ஆய்வு சொன்னது. நம் நாட்டில் ஆட்டு மூளைத் தடுப்பூசி நின்றது 2004 டிசம்பரில். மலிவு என்பதைத் தவிர இந்தத் தாமதத்துக்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய மருந்து குரங்குச் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கும் வீரோ செல்கள் போன்றவற்றில் தயாராகிறது. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி. கடித்து வந்த அன்று, பிறகு மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள். அவ்வளவுதான். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்புப் பொருளைப் போடுவார்கள். அது வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

வாசலில் வந்து நிற்பவர்களை முதலில் குழாயடிக்குத்தான் அனுப்புகிறேன். காயத்தில் மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ அப்பியிருந்தால் திட்டு விழும். வைரஸின் மேலுறை கொழுப்பு. சோப்பு அதைக் கரைத்துவிடும். பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவி முடிக்கும்வரை பதினாலு ஊசிக் கதையைப் பாதி சொல்லிவிடலாம். மீதியை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து கேட்டுக்கொள்ளட்டும்.