போர் காணாத கோட்டை

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் கடற்கரையை ஒட்டி நிற்கிறது கார்ன்வாலிஸ் கோட்டை. உள்ளே போனால் புல்வெளி, மர நிழல், கடலைப் பார்த்தபடி பழைய பீரங்கிகள். பீரங்கி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்புவதில்லை. சுவர் பத்தடி உயரம்தான். செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு "இதுவா கோட்டை?" என்றுதான் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோட்டை ஒரு போரைக்கூடப் பார்த்ததில்லை!

1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இங்கே வந்திறங்கினார். தீவு அப்போது கெடா சுல்தானுடையது. (கெடா என்றால் நம் பாடப்புத்தகத்தில் ராஜேந்திர சோழன் வென்றதாகப் படிக்கிறோமே, அந்தக் கடாரம்தான்.) சயாம் படையெடுத்தால் ஆங்கிலேயர் துணைக்கு வருவார்கள் என்று நம்பித்தான் சுல்தான் இடம் கொடுத்தார். கம்பெனியோ அப்படி எந்த உறுதியும் தரவில்லை. தீவை மீட்க 1791-ல் சுல்தான் படை திரட்டியபோது, லைட் முந்திக்கொண்டு எதிர்க்கரைக்கே போய்த் தாக்கி முறியடித்தார். கடைசியில் சுல்தானுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 6,000 ஸ்பானிஷ் டாலர். சுத்தமான ஏமாற்று வேலை, வேறென்ன சொல்வது?

முதலில் கட்டியது நிபோங் என்ற பனை வகை மரத்தின் தண்டுகளை நட்டு எழுப்பிய வெறும் மரவேலி. காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியதால் லைட் வெள்ளிக்காசுகளைப் பீரங்கியில் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. கோட்டைக்கு வைத்த பெயரோ அப்போதைய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுடையது. அமெரிக்காவில் சரணடைந்துவிட்டு இந்தியா வந்து, திப்பு சுல்தானின் பிள்ளைகளைப் பணயமாக வாங்கிக்கொண்டவர் இவர்தான்.

எதிரி வரவில்லை, கொசு வந்தது. சுற்றியிருந்த அகழியால் மலேரியா பரவுகிறதென்று 1920-களில் அதைத் தூர்த்துவிட்டார்கள்.

இருக்கும் பீரங்கிகளில் பெரியது செரி ரம்பாய். 1603-ல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர் சுல்தானுக்குப் பரிசாகப் போய், அங்கிருந்து அச்சே, பிறகு சிலாங்கூர் என்று சுற்றி, 1871-ல் ஆங்கிலேயரிடம் சிக்கியது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வணங்குவது வழக்கமாம். போருக்கு வார்த்த பீரங்கி சாமியாகிவிட்டது!

ஆனால் இங்கே அதிகம் பேசப்பட வேண்டியது சுவர்தான். 1804-ல் தொடங்கி மரவேலியை மாற்றிச் செங்கல்லும் கல்லுமாகக் கட்டினார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1790-களிலிருந்தே கம்பெனி தன் கைதிகளை இந்தத் தீவுக்குக் கப்பலேற்றி வந்தது. சாலை போட, சதுப்பை நிரப்ப, கட்டடம் எழுப்ப கூலி கொடுக்காத ஆட்கள் வேண்டுமே!

திருடியவன், கொலை செய்தவன் மட்டும் இங்கே வரவில்லை. 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள் அல்லவா? அடுத்த ஆண்டே அவர்கள் பக்கம் நின்ற எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, வயதில் சிறுவன். அவர்கள் வந்தபோது இங்கே நின்றது பழைய மரவேலிதான்.

கார்ன்வாலிஸின் பெயர் கோட்டைக்கு இருக்கிறது. லைட்டின் பெயர் பக்கத்துத் தெருவுக்கு இருக்கிறது. லைட்டுக்குச் சிலை செய்தபோது அவருடைய படம் கிடைக்காமல், மகனின் சாயலை வைத்து முகம் செய்தார்களாம். சுவர் எழுப்பியவர்களுக்கு வரலாற்றில் கிடைத்ததெல்லாம் 'இந்தியக் கைதிகள்' என்ற இரண்டு சொல்.

1818-ல் கட்டி முடித்த புனித ஜார்ஜ் தேவாலயமும் அதே மாதிரிக் கைதிகளின் உழைப்புதான். கோட்டையிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.