விரலில் கட்டிய ஸ்பேனர்

பம்பரம் விட்டிருக்கிறீர்களா? வேகமாகச் சுழலும்வரை அது சாயாது. விமானத்தின் ஆட்டோபைலட் பிறந்தது இந்த எளிய உண்மையிலிருந்துதான்.

1927இல் சார்ல்ஸ் லிண்ட்பெர்க் நியூயோர்க்கிலிருந்து பாரிசுக்கு 33 மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பறந்தார். அவரிடம் ஆட்டோபைலட் இல்லை. தூக்கத்தோடு போராடியபடியே கடலைக் கடந்தார்.

வைலி போஸ்ட் என்ற அமெரிக்கர், எண்ணெய் வயல் விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். 1931இல் ஹரோல்ட் கேட்டி வழிகாட்ட, 'வின்னி மே' என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் உலகைச் சுற்றினார். 1933 ஜூலையில் அதே விமானத்தில் தனியாகவே கிளம்பினார். இம்முறை துணைக்கு ஸ்பெரி நிறுவனத்தின் ஆட்டோபைலட் இருந்தது. அதற்குள் சுழன்ற ஜைரோஸ்கோப்புகள் பம்பரம்போல நிலை மாறாமல் நின்றன. விமானம் சாய்ந்தாலும் திசை விலகினாலும் கருவி அதை உணர்ந்து சரிசெய்தது.

ஆனால் வழியில் அது பழுதானது. இறங்கித் திருத்த வேண்டியிருந்தது. ஒழுங்காக வேலை செய்தபோதும், எதிரே மலை நிற்பது அதற்குத் தெரியாது. அதனால் போஸ்ட் ஒரு ஸ்பேனரை விரலில் கட்டிக் கையில் பிடித்திருந்தார். கண்ணயர்ந்தால் ஸ்பேனர் நழுவும்; விரல் வெடுக்கென்று இழுபடும்; விழிப்பு வரும்.

7 நாள், 18 மணி, 49 நிமிடத்தில் நியூயோர்க் திரும்பினார். தனியாக உலகைச் சுற்றிய முதல் விமானி அவர்தான்.

இன்று வழி தேடுவதையும் மொழிபெயர்ப்பதையும் நாமும் இயந்திரத்திடம் விடுகிறோம். விடலாம், தப்பில்லை. நம் விரலில் ஸ்பேனர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வோம்.