முயலும் மணலும்

கோல்ப் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற ஒரு மைதானம். அதன்மேல் ஓயாமல் நீர் தெளிக்கும் குழாய்கள். ஊரார் குடத்தோடு காத்து நிற்கையில் நாலு பேர் பந்தடிக்க இவ்வளவு தண்ணீரா என்று எரிச்சல்கூட வருகிறது. எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அந்த ஆட்டம் வளர்ந்த பூமியில் கம்பளமும் கிடையாது, குழாயும் கிடையாது.

ஸ்காட்லாந்தின் கீழ்க்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற பழைய ஊர் இருக்கிறது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஏருக்கு உதவாத மணல்மேடு. அந்நாட்டார் அதை 'லிங்க்ஸ்' என்பார்கள். உழ முடியாத நிலம் ஆனதால் அது பொது நிலமாகவே கிடந்தது. ஆடுகள் மேய்ந்தன, முயல்கள் புல்லை ஒட்டக் கடித்தன. மழைதான் தண்ணீர், பிராணிகள் போட்டதுதான் எரு. ஆட்டக்காரர்களை இன்றும் அழவைக்கும் மணற்குழிகள்கூட, கடற்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்துத் தேய்த்த பள்ளங்கள் என்றுதான் சொல்கிறார்கள். புல் வெட்டும் இயந்திரத்தை இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் கண்டுபிடித்தது 1830-இல். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அத்தனை காலமும் மைதானத்தைச் செதுக்கிய தோட்டக்காரர் யார் என்றால், முயலார்தாம்!

ஆனால் தோட்டக்காரர் வரம்பு மீறினால் என்ன ஆகும்? அந்தக் கதையும் அங்கே நடந்தது. 1552-இல் ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன், அந்த மணல்வெளியில் தாம் முயல் வளர்த்துக்கொள்ள அனுமதி பெற்றார். அதே சாசனத்தில், ஊரார் அங்கே கோல்ப் ஆடவும் ஆடு மாடு மேய்க்கவும் உள்ள உரிமையை ஒப்புக்கொண்டார். இரண்டு கட்சியும் ஒருவாறு இரண்டரை நூற்றாண்டு காலம் தள்ளின. 1797-இல் நகரசபை கடனில் மூழ்கித் திணறியது, நிலம் கைமாறியது. டெம்ப்ஸ்டர் என்ற குடும்பத்தார் அதில் வியாபாரத்துக்காக முயல் வளர்க்கத் தொடங்கினார்கள். முயல் ஒன்று இரண்டாக இருந்தபோது புல்லைச் செதுக்கியது. கூட்டம் கூட்டமாகப் பெருகியபோது தரையையே தோண்டிப் போட்டது. ஆட்டக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஊரார் தடியெடுத்து முயல் வேட்டையில் இறங்கினார்கள். இருபது ஆண்டுக்கு மேல் நீடித்த இந்தச் சண்டை, 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலப்பிரபு அந்த இடத்தை விலைக்கு வாங்கிய பிறகுதான் அடங்கியது. அவருக்கும் கோல்ப் பைத்தியம் உண்டு என்பது ஊராரின் அதிர்ஷ்டம்.

அதே 1821-இல் அவ்வூரில் டாம் மாரிஸ் பிறந்தார். 1860-களின் நடுவில் மைதானக் காவலர் வேலைக்கு அவரை அமர்த்தியபோது கொடுத்த ஆயுதங்கள் ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு மண்வாரி. சம்பளம் வருஷத்துக்கு 50 பவுன். அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று: மணல். குழியைச் சுற்றிய புல்தரை நலிந்தால் மணல் தூவு. மறுபடி நலிந்தால் மறுபடி தூவு. ஞாயிற்றுக்கிழமை ஆட வருகிறவர்களிடம், உங்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் தரைக்கு வேண்டும் என்று சொல்லித் திருப்பியனுப்பிவிடுவாராம்.

கிழவரிடம் தொழில் கற்றவர்களில் டார்னக் என்ற ஊர்ப் பையன் டொனால்ட் ராஸ் ஒருவர். அவர் 1899-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்ற இடத்தில், பைன் மரங்களுக்கிடையே மணல் பூமியைக் கண்டதும் அவருக்கு ஸ்காட்லாந்து ஞாபகம் வந்திருக்க வேண்டும். அங்கே 1907-இல் அவர் அமைத்த இரண்டாம் எண் மைதானத்தில் ஓரங்களெல்லாம் மணலும் கம்பிப் புல்லும் தாமாகவே கிடந்தன. 1935 வரையில் குழியைச் சுற்றிக்கூடப் புல் இல்லை, மணல்தான். அந்த மைதானத்தின் ஓரத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, 1948-இல் இறக்கும் வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு வந்தது வினை. 1966-இல் அகஸ்டா மைதானத்துப் பந்தயத்தை டெலிவிஷன் வர்ணத்தில் காட்டியது. அந்தப் பச்சையைப் பார்த்தவர்கள் தங்கள் ஊர் மைதானமும் அப்படி ஜொலிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அடுத்த வீட்டு அம்மாளின் புடவையைப் பார்த்து வரும் ஆசைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. 1970-இல் பைன்ஹர்ஸ்ட் வேறு கைக்குப் போனது. மணலை மூடிப் புல் போட்டார்கள். புல்லுக்குக் குழாய் போட்டார்கள். ராஸின் மைதானம் ஆயிரத்துக்கு மேற்பட்ட தெளிப்பான்களின் தயவில் வாழத் தொடங்கியது.

2010-இல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற இருவர் அதைப் பழையபடி ஆக்க முன்வந்தார்கள். 1943-இல் ஆகாயத்திலிருந்து எடுத்த புகைப்படங்களை வைத்துக்கொண்டு, மணல் எங்கெங்கே இருந்ததென்று தேடினார்கள். ஏறக்குறைய 35 ஏக்கர் புல்லை உரித்தெடுத்தார்கள். சுமார் 650 தெளிப்பான்களைப் பிடுங்கினார்கள். ஆட்டப் பாதையின் நடுவே மட்டும் ஒரு வரிசை மிஞ்சியது. இரண்டு லட்சம் கம்பிப் புல் செடிகளை நட்டார்கள். வருஷத்துக்கு ஐந்தரைக் கோடி காலன் குடித்த மைதானம் சுமார் ஒன்றரைக் கோடியோடு அடங்கியது. மழை பெய்யும் சீமையில் இதைச் சாதிப்பது சுலபம், பாலைவனத்து மைதானத்துக்கு இந்த மருந்து போதாது என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது.

2014-இல் ஆண்கள், பெண்கள் இரு பாலாரின் அமெரிக்க ஓப்பன் பந்தயங்களும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடந்தன. டெலிவிஷனில் பார்த்தவர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. மைதானம் காய்ந்து கிடக்கிறதே, தண்ணீர் விட ஆளில்லையா என்று கேட்டார்கள். 2024-இல் ஆண்கள் பந்தயம் மறுபடி அங்கே நடந்தது. மணல் அப்படியேதான் இருந்தது.