குப்பியும் பேனாவும்

பெங்களூர் மார்க்கெட்டை அடுத்துள்ள விக்டோரியா ஆஸ்பத்திரியை நம் நேயர்களில் அறியாதார் சிலரே இருப்பர். 1900-ஆம் ஆண்டு டிசம்பரில் வைஸ்ராய் கர்சன் பிரபு அதனைத் திறந்து வைத்தார். அதே ஆண்டின் கோடையில், நியூயார்க் நகரில் ஜப்பானியரான ஜோகிச்சி தாகாமினேயும் அவருடைய உதவியாளர் கெய்சோ உவேனாகாவும், சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பியின் சாரத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதுவே அட்ரினலின். அமெரிக்கர் அதனை எபிநெஃப்ரின் என்பர். ஒரு கம்பெனி முதற்பெயரைத் தன் வணிகப் பெயராக்கிக்கொண்டதன் விளைவு அது.

மருந்து வந்துவிட்டது, நோய்க்கோ அப்போது பெயர்கூட இல்லை. பிரெஞ்சு அறிஞர்களான ரிஷேயும் போர்ட்டியரும் கடல் சாமந்தி என்னும் உயிரினத்தின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தனர். முதன்முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து அதனினும் குறைந்த அளவுக்கே மாண்டது. காப்புக்கு நேர்மாறான இந்நிலைக்கு 1902-இல் அவர்கள் அனாபிலாக்ஸிஸ் என்று பெயரிட்டனர். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. வேர்க்கடலையோ, இறாலோ, தேனீக் கொட்டோ, பென்சிலினோ ஒவ்வாதவர்க்கும் இதுவே நேர்கிறது: தொண்டை வீங்கும், மூச்சுத் திணறும், இரத்த அழுத்தம் சரியும்.

நம் நாட்டில் இதற்குப் பெரிதும் கைகொடுப்பது 1 மில்லிகிராம் மருந்தடங்கிய சிறு கண்ணாடிக் குப்பியே. அதன் கழுத்தை ஒடித்து, சிரிஞ்சில் ஏற்றி, பெரியவர்க்குப் பாதி அளவைத் தொடையின் வெளிப்புறத் தசையிற் செலுத்துவர். விலை சொற்பம், ஆனால் பழகிய கை வேண்டும். மூச்சு முட்டும் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு தாய் அளவு பார்ப்பது எங்ஙனம்?

அக்குறையைத் தீர்த்தது போர்க்களத்துக் கருவி. நச்சுவாயுவுக்கு மாற்று மருந்தைப் போர்வீரன் தானே குத்திக்கொள்வதற்காக ஷெல்டன் கப்லான் முதலியோர் அமைத்த தானியங்கி ஊசி, அட்ரினலின் ஏற்றப்பெற்று, 1987-இல் எபிபென் என்னும் பேனாவாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரியவர்க்கு 0.3 மில்லிகிராம், சிறுவர்க்கு 0.15. துணியின் மேலேயே அழுத்தலாம். தலைகீழாகப் பிடித்துத் தம் கட்டைவிரலிற் குத்திக்கொண்டவர்களும் உண்டு. பின்னர் வந்த ஆவி-கியூ, குரலால் வழி சொல்லும் கருவி. வானொலியினராகிய நமக்கு அதன்மீது தனிப் பற்று! எனினும், மருந்தின் அளவு பிழைபடக்கூடும் என்று 2015-இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2017-இல் மீண்டும் விற்பனைக்கு வந்தது. 2024-இல் மூக்கில் தெளிக்கும் வகைக்கும் அமெரிக்கா அனுமதி தந்தது.

குப்பியிலும் பேனாவிலும் இருப்பது ஒரே மருந்து. ஆயினும் 2016-இல் அமெரிக்காவில் இரு பேனாக்களின் விலை ஏறத்தாழ 600 டாலர். நம் கடைகளில் அவை எளிதிற் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளிற் காலாவதியாகிவிடும். எனவே பெங்களூர்வாழ் நம்மவர்க்கு, இரவிலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று முன்னரே விசாரித்து வைப்பது பேனாவைத் தேடுவதினும் முதல் வேலை என்பது நம் கருத்து. பேனா வைத்திருப்போரும், குத்தியபின் உடனே அங்கே செல்லவேண்டும். தணிந்த வேகம் சில மணி நேரத்தில் மீளக்கூடும். பிள்ளைக்கு ஒவ்வாதது இன்னதென்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டொன்று அதன் பள்ளிப் பையில் இருக்கட்டும்.