கார்னிவல் உடைக்குள் இருக்கும் சங்கிலி



இப்போது நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே அழகாக டிஜிட்டல் ஓவியம் வரைகிறார்கள். கரீபியன் கார்னிவல் படங்களைப் பார்த்து, கொம்பு வைத்த கறுப்பு உருவங்களையும் பொய்க்காலில் நிற்கும் நெட்டை மனிதர்களையும் வரைவதும் உண்டு. நல்ல விடயம். ஆனால் அந்த உடைகளின் வரலாற்றையும் தெரிந்துகொண்டு வரைய வேண்டும்.

டிரினிடாட் தீவை எடுத்துக்கொள்வோம். 1783க்குப் பிறகு பிரெஞ்சுத் தோட்ட முதலாளிமார் அடிமைகளோடு அங்கு குடியேறினார்கள். 1797இல் தீவு பிரித்தானியர் வசமானது. கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முன் முதலாளிமார் முகமூடி அணிந்து விருந்து வைப்பார்கள். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால் மட்டும், நடு இரவிலும் சவுக்கால் அடித்து விரட்டி, அவர்களைக் கொண்டே தீயை அணைப்பார்கள்.

1838இல் முழு விடுதலை கிடைத்தது. அந்த மக்கள் அதே காட்சியைத் தீப்பந்தங்களோடு தெருவில் நடித்துக் காட்டினார்கள். அதற்குப் பெயர் 'கன்பூலே', அதாவது எரியும் கரும்பு.

உடைகளும் இப்படித்தான் பிறந்தன. 'ஜாப் மொலாசி' என்ற பிசாசு வேடக்காரர் உடலெங்கும் கரும்புப் பாகைப் பூசி, கையில் சங்கிலியோடு வருவார். சீனி ஆலையில் மாடாய் உழைத்தவர்களின் நினைவு அது. 'டேம் லொரேன்' என்பது முதலாளிமாரின் மனைவிமாரைக் கேலி செய்யும் வேடம். பொய்க்காலில் நடக்கும் 'மோகோ ஜம்பி' மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த மரபு.

ஆட்சியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1881இல் போர்ட் ஒப் ஸ்பெயினில் பொலிஸார் தீப்பந்த ஊர்வலத்தைத் தடுக்கப் போய்ப் பெரும் மோதல் மூண்டது. பிறகு மேளத்துக்கும் தடை வந்தது. மக்கள் மூங்கிலைத் தரையில் தட்டித் தாளம் போட்டார்கள். பின்னாளில் பிஸ்கட் தகரம், எண்ணெய்ப் பீப்பா என்று தட்டித் தட்டி, 'ஸ்டீல்பேன்' என்ற இசைக்கருவியையே உருவாக்கிவிட்டார்கள். 1992இல் அது அந்நாட்டின் தேசிய வாத்தியமானது.

நம்மில் பலர் அறியாத ஒன்றும் உண்டு. 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள், முஹர்ரம் மாதத்தில் மூங்கிலாலும் காகிதத்தாலும் தாஜியா செய்து ஊர்வலம் போவார்கள். அங்கு அதை 'ஹோசே' என்பார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் ஆபிரிக்க வம்சத்தவரும் சேர்ந்து நடந்தார்கள். 1884 ஒக்டோபர் 30இல் சான் பெர்னாண்டோவில் அந்த ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. குறைந்தது 16 பேர் இறந்தார்கள். இந்த ஊர்வலம் பற்றிய மார்க்கக் கருத்து வேறு. அந்தக் கூலித் தொழிலாளரின் உயிர் வேறு.

தெருவில் நடக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்த மக்கள், தங்கள் கதையை உடம்பிலும் உடையிலும் எழுதி வைத்தார்கள். அதை வெறும் கலர் டிசைனாக எடுத்துப் போடுவது நியாயமல்ல.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை அடுத்த முறை அப்படி ஒரு படம் பதிவிடும்போது, அந்த வேடத்தின் பெயரையும் ஊரையும் கதையையும் கீழே இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள்.