பாருக்கு வேலி, முறைக்கு வேலி: முத்துக்குளித்துறை அனுபவமும் மென்பொருள் காப்புரிமையும்

கணினி நிரலுக்குக் காப்புரிமை தரலாமா என்ற கேள்விக்கு இந்தியச் சட்டப் புத்தகத்தில் விடை இருக்கிறது. நடைமுறையில் அந்த விடை நிலைத்து நிற்கவில்லை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்கிறது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம், தொழிலில் தொழில்நுட்பப் பயன் உள்ள நிரலுக்கும் வன்பொருளோடு இணைந்த நிரலுக்கும் இடம் கொடுத்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டது. அதன்பின் இழுபறி காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டு நெறிகளுக்கு இடம் மாறியது. 2015 ஆகஸ்டில் ஒரு நெறி வந்தது. எதிர்ப்பு எழுந்து டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2016 பிப்ரவரியில் புதிய வன்பொருள் வேண்டும் என்ற நிபந்தனையோடு இன்னொன்று வந்தது. 2017இல் அந்த நிபந்தனையும் போயிற்று. 2019இல் டெல்லி உயர்நீதிமன்றம் பெரித் அல்லானி வழக்கில், நிரலைச் சார்ந்தது என்பதாலேயே ஒரு விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது, தொழில்நுட்ப விளைவு உண்டா என்று பார்க்க வேண்டும் என்றது. மக்கள் பிரதிநிதிகள் மூடிய வழி, விளக்கங்களின் மூலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. இந்த நகர்வை ஆதரிப்போரின் மையமான வாதம், அறிவும் ஒரு சொத்து, சொத்துக்கு வேலி இல்லாவிட்டால் அதில் உழைக்க ஆள் இருக்காது என்பது. வேலி எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைச் சோதித்துப் பார்க்கத் தூத்துக்குடிக் கரையைவிட நல்ல களம் தமிழ்நாட்டில் இல்லை. ஒரே உயிரினத்தை வைத்து இரண்டு வகை உரிமைகள் அங்கே கோரப்பட்டன: முத்துச்சிப்பி கிடக்கும் பாரின் மேல் உரிமை, முத்தை விளைவிக்கும் முறையின் மேல் உரிமை. முன்னதற்கு இருந்த நியாயத்தைப் பின்னதற்குக் கடன் வாங்கியதுதான் மென்பொருள் காப்புரிமை வாதத்தின் அடிப்படைப் பிழை என்பது என் நிலைப்பாடு.

முதலில் பார். மன்னார் வளைகுடாவின் கடலடிப் பாறைத் தட்டுகளான பார்களில் முத்துச்சிப்பி படிவது ஆண்டுதோறும் நடப்பதல்ல. தொலையிரம் பார் போன்ற பெயர்பெற்ற இடங்களிலும் சில ஆண்டு குவியலாக இருக்கும். பிறகு பல பத்தாண்டுகள் ஒன்றுமிராது. அதனால் முத்துக்குளிப்பு தொடக்கத்திலிருந்தே கட்டுப்பாட்டுக்குள் நடந்த தொழில். பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறினாலும், பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பி எடுத்து மதிப்பிட்டு, குளிப்புக்கு நாள் குறிக்கும் அதிகாரம் ஆட்சியின் கையிலோ அதனோடு உடன்பட்ட பரதவர் சாதித் தலைவரின் கையிலோ இருந்தது. அரசு நடத்திய குளிப்பில் குளியாளருக்கு எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு. மீதி ஏலத்துக்குப் போகும். இந்தப் பங்கீடு நியாயமானதா என்பது வேறு கேள்வி. மூச்சடக்கி உயிரைப் பணயம் வைத்தவனுக்கு அது போதாது என்றே நான் கருதுகிறேன். ஆனால் கட்டுப்பாடு என்ற ஒன்று தேவைப்பட்டதை மறுக்க முடியாது. ஒருவர் எடுத்த சிப்பி இன்னொருவருக்கு இல்லை; எல்லோரும் எடுத்தால் அடுத்த தலைமுறைச் சிப்பி இல்லை. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை என்பது இந்த வளம் எவ்வளவு நொய்மையானது என்பதற்குச் சான்று. சங்குக்கும் இதே தர்க்கம். 1903இல் அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் வழக்கில், பாக் விரிகுடாவின் சங்குப் படுகையிலிருந்து உரிமையில்லாதவர் சங்கு எடுத்தது திருட்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்மானித்தது. ஓரிடத்தில் கிடப்பது, எண்ணக்கூடியது, எடுத்தால் குறைவது என்பதால்தான் அதைக் கைவசம் உள்ள பொருளாக நீதிமன்றத்தால் கருத முடிந்தது.

இனி முறை. ஜப்பானில் மிக்கிமோட்டோ கோகிச்சி 1893இல் அரைமுத்து விளைவித்தார்; 1896இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். முழு உருண்டை முத்துக்கான வழியை மிசே தாட்சுஹெய், நிஷிகாவா டோகிச்சி என்ற இருவர் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டனர்; 1907இல் இருவருமே காப்புரிமைக்கு விண்ணப்பித்ததால் தகராறு வந்து, கடைசியில் இருவர் பெயரும் சேர்ந்தே அந்த முறைக்கு நிலைத்தது. ஒருவரையொருவர் பார்த்து எழுதாத இருவர் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முந்தைய அறிவு ஒரு கட்டத்துக்கு முதிர்ந்தபின் அடுத்த படி பலருக்கும் எட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. நிரல் எழுதுவோர் உலகில் இது அன்றாட நிகழ்ச்சி. ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வை நூறு பேர் தனித்தனியே எழுதுகிறார்கள். பதிப்புரிமை அந்த நூறு பேரையும் காக்கும், ஏனென்றால் அது அவரவர் எழுதிய நிரலுக்கு உரியது. காப்புரிமையோ முதலில் விண்ணப்பித்த ஒருவருக்கு 20 ஆண்டுகள் தந்து, மற்ற தொண்ணூற்றொன்பது பேரையும், அவர்கள் யாரையும் நகலெடுக்காதபோதும், அத்துமீறியவர்களாக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் முத்து வளர்ப்பு நுட்பத்தை அயல்நாட்டாருக்குக் கற்றுக்கொடுப்பதில்லை என்ற கொள்கையை இறுக்கமாகக் கடைப்பிடித்தது. குருசடைத் தீவில் சென்னை மாகாண மீன்வளத் துறை செய்த முந்தைய முயற்சிகள் உருண்டை முத்தைத் தரவில்லை. 1972இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் ஆய்வைத் தொடங்கியது; 1973 ஜூலையில் கே. அழகர்சுவாமியின் கையால் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்து கிடைத்தது. அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் வாதம் விளங்கும். மெந்தால் தூவிய கடல்நீரில் சிப்பி மயங்கி வாய் திறக்கும். இன்னொரு சிப்பியின் ஓட்டை ஒட்டியுள்ள மென்திசுவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, மயங்கிய சிப்பியின் இனப்பெருக்க உறுப்பில் கீறிய பாதை வழியே உள்ளே செலுத்தி, சிப்பி ஓட்டால் செய்த உருண்டை மணியை அதை ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். திசுவின் எந்தப் பக்கம் மணியைத் தொடுகிறது என்பதில் பிசகினால் மணியைச் சுற்றி முத்துப்பை உருவாகாது. ஜப்பானியர் மணிக்கு மிசிசிப்பி ஆற்று மட்டியின் ஓட்டை நம்பியிருந்தார்கள். தூத்துக்குடி ஆய்வாளர்கள் தங்கள் கடலில் கிடைக்கும் சங்கின் தடித்த ஓட்டிலிருந்தே மணி கடைந்து பார்த்தார்கள். முடிவுகளை ஆய்விதழ்களில் எழுதினார்கள்; பயிற்சி கொடுத்தார்கள்; 1981இல் குஞ்சுச் சிப்பியைப் பொரிப்பகத்திலேயே உருவாக்கும் முறையையும் கண்டு அதையும் வெளியிட்டார்கள்.

இங்கே காப்புரிமை ஆதரவாளரின் முதல் ஆட்சேபம் எழும். காப்புரிமை இல்லாவிட்டால் ஜப்பானைப்போல் எல்லோரும் ரகசியத்தில் ஒதுங்குவார்கள். காப்புரிமையோ கண்டதை எழுதி வெளியிட வைத்து, கால முடிவில் பொதுவுக்குத் தருகிறது என்பது அது. வாதம் வலுவானதுதான். ஆனால் முத்தின் வரலாறு அதற்குத் துணை நிற்கவில்லை. காப்புரிமை விண்ணப்பங்கள் 1907லேயே எழுதப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியக் கரையில் உருண்டை முத்து விளையவில்லை. கொள்கை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கைப்பழக்கம் தெரியவில்லை. காப்புரிமையும் ரகசியமும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, ஒரே நாடு இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் ஜப்பான் காட்டியது. மென்பொருளில் இது இன்னும் மோசம். நிரல் சார்ந்த காப்புரிமை ஆவணம் மூல நிரலைத் தருவதில்லை. பெட்டிகளும் அம்புக்குறிகளும் கொண்ட படங்களையும், எதையும் உள்ளடக்கும்படி அகலமாக எழுதிய கோரிக்கைகளையும் தருகிறது. அதைப் படித்து யாரும் நிரல் எழுதக் கற்பதில்லை. கற்பிக்கும் வெளியீடு எது என்றால், வேப்பலோடையில் அது பயிற்சியாக இருந்தது. கட்டற்ற மென்பொருளில் அது மூல நிரலாக இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. திறந்து வைத்த முத்து நுட்பம் தூத்துக்குடியில் பெருந்தொழிலாக வளரவில்லை. அதே கடற்கரையில் காப்புரிமையோடும் உரிம ஒப்பந்தத்தோடும் வந்த ஒன்று வளர்ந்தது: கப்பாபைகஸ் கடற்பாசி. பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் தன் மண்டபம் கிளை வழியாக 1990களில் அதை இங்கே வளர்த்துக் காட்டியது. புதிய பாசியிலிருந்து காராகீனன் என்ற கூழ்மப் பொருளையும் திரவ உரத்தையும் ஒருசேரப் பிரிக்கும் முறைக்கு 2005இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. 2000களின் தொடக்கத்தில் பெப்சிகோ உரிமம் பெற்று வந்தது. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் சுயஉதவிக் குழுப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் பாசி கட்டினார்கள். அப்படியானால் வேலிதானே வென்றது என்று கேட்கலாம். எது வளர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காப்புரிமை ஆலைக்குள் நடக்கும் பிரித்தெடுப்புக்கு. கடற்கரையில் பரவியதோ கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டி 45 நாளில் அறுக்கும் முறை. அதற்கு யாரும் உரிமம் கேட்கவில்லை, பெண்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். நிறுவனம் கொண்டுவந்த முதன்மையான பொருள், விளைந்ததை வாங்கிக்கொள்கிறேன் என்ற உறுதி. முத்துக்கு அந்த உறுதி இல்லை. அதோடு மன்னார் வளைகுடாச் சிப்பி சிறியது, அதன் முத்தும் சிறியது. ஜப்பானைப்போல் ஒதுங்கிய விரிகுடா இங்கில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்குள் கிடைத்த அமைதியான நீரில்தான் ஆய்வாளர்களே சிப்பி வளர்க்க வேண்டியிருந்தது. முதல் போட்டு இரண்டு ஆண்டு காத்திருக்க வள்ளக்காரரால் முடியாது. இவற்றில் ஒன்றையாவது காப்புரிமை தீர்த்திருக்கும் என்று சொல்ல வழியில்லை. பாசியிலும், ஒரே வாங்குபவர் என்ற நிலை விலையை அவர் கையில் விட்டது. ஒரே வித்திலிருந்து பெருக்கிய பாசி 2013ஐ ஒட்டி வெப்பத்திலும் நோயிலும் பெருமளவு அழிந்தபோது இழப்பு கரையில் நின்றவர்களுக்கே வந்தது.

ஆகவே திறந்து விடுவது மட்டும் போதும் என்று நான் வாதிடவில்லை. வேப்பலோடை அறிவு பொதுவில் வைக்கப்பட்டது. ஆனால் எடுத்துக்கொண்டவர் தாம் சேர்த்த மேம்பாட்டைத் திரும்பத் தர வேண்டும் என்ற கட்டு அதில் இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்டு ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜிஎன்யு பொது உரிமம் கண்டுபிடித்தது இந்தக் கட்டைத்தான்: எடு, மாற்று, விற்கவும் செய், ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதே உரிமையோடு கொடு. 2007இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, பங்களிப்பவர் பின்னால் காப்புரிமையைக் காட்டிப் பயனரை மிரட்ட முடியாதபடியும் செய்தது. பொதுப்பணத்தில் நடக்கும் இந்திய ஆய்வு இந்தத் திசையில் போகவில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2006இல் அறிவுசார் சொத்து வழிகாட்டு நெறிகளை வகுத்தபின், கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் தன் சில தயாரிப்புகளைக் கட்டண உரிமத்தில் கொடுக்கத் தொடங்கியது. 2008இல் மாநிலங்களவையில் வந்த பொதுநிதி அறிவுசார் சொத்து மசோதா, அரசுப் பணத்தில் பிறக்கும் ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் காப்புரிமை நோக்கித் தள்ளப் பார்த்தது. 2014இல் திரும்பப் பெறப்பட்டது நல்லதே. வரி கட்டியவர் ஒருமுறை விலை கொடுத்துவிட்டார். சங்கு ஓட்டில் மணி கடைந்தவர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்தது. கண்டவருக்கு ஊதியமும் பெயரும் உண்டு, முறைக்கு வேலி இல்லை என்ற அந்த ஏற்பாடு 1973இல் வேலை செய்தது. அதில் விடுபட்ட திரும்பத் தரும் கடமையைச் சேர்ப்பதுதான் சீர்திருத்தம்.

மூன்றாவது ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து, திறந்த தரவு ஆர்வலரிடமிருந்து வரக்கூடியது: முறை திறந்திருக்க வேண்டும் என்றால் கடல் பற்றிய தரவு அனைத்தும் திறந்திருக்க வேண்டாமா? ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், செயற்கைக்கோள் காட்டும் கடல்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து, மீன் கூடும் பகுதிகளைத் தமிழிலும் இலவசமாக அறிவிக்கிறது. 2017இல் அரசுத் திறந்த தரவு உரிமமும் அறிவிக்கப்பட்டது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் ஒரு வள்ளக்காரர் கரையின் கோபுரத்தையும் மரத்தையும் குறிவைத்து நினைவில் காத்துவரும் பாரின் இடம் வேறு வகைப்பட்டது. அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை விசைப்படகின் ஜிபிஎஸ் திரையில் ஏறினால், இழுவலை ஒரே பருவத்தில் அந்தப் பாரை வழித்துவிடும். தகவல் எடுத்தால் குறையாததுதான். அது காட்டும் மீனோ குறையும். எனவே அந்தத் தகவல் முறையோடு அல்ல, பாரோடு சேர்த்து எண்ணத்தக்கது. அதன்மேல் அந்தக் கரையின் மீனவர்களுக்குக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர்கள் ஒவ்வொரு பயணத்தின் தடத்தையும் கரைக்கு அனுப்பக்கூடியவை. புயல் எச்சரிக்கைக்கும் உயிர்காக்கவும் வந்த அந்தக் கருவியின் தடப்பதிவை யார் வைத்திருப்பது, எவ்வளவு காலம், எந்த நிறுவனத்துக்கு எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை மீனவர் சங்கங்களின் ஒப்புதலோடு எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பதிவுகளைக் கொண்டு மீன்பிடி இடத்தைக் கணிக்கும் நிரலை எழுதும் நிறுவனம் நாளை தொழில்நுட்ப விளைவு என்ற பெயரில் அதற்குக் காப்புரிமை கேட்டு வந்தால், 3(கே) பிரிவின் வாசகத்தை அப்படியே படித்து மறுக்கும் பொறுப்பு காப்புரிமை அலுவலகத்துடையது.